தொள்ளாயிரத்து அறுபத்தொன்று

தேவகியின் நோட்டில் 961 என்று இருந்ததைப் பார்த்ததும் இயற்பியல் வாத்தியார் உமாபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புவியீர்ப்புக்கு 980 என்று புத்தகமே சொல்கிறது. மற்ற பிள்ளைகள் சமர்த்தாக அதையே எழுதியிருந்தார்கள். ஊசல்குண்டு ஆடியதை எத்தனை பேர் பார்த்தார்களோ, அந்தக் காமாட்சியம்மனுக்கே வெளிச்சம்.

"நாளைக்குப் பரீட்சை. வெளியிலேர்ந்து ஆள் வராரு. இதைக் காட்டினா ஃபெயில்தான்மா."

"மூணு வாட்டி பாத்தேன் சார். இதான் வருது."

"வரக்கூடாதும்மா! போய் சரி பண்ணிக்கினு வா."

அவள் போனதும் ஸ்டாப்வாட்சோடு அவரே உட்கார்ந்தார். 961. மறுபடியும் 961. பழைய குறிப்பைப் புரட்டினால் முதல் வருஷம் 979, போன வருஷம் 970. ஈர்ப்பு விசை காலப்போக்கில் குறையலாம் என்று யாரோ விஞ்ஞானி சந்தேகப்பட்டதைப் பத்திரிகையில் படித்திருந்தார். அதெல்லாம் கோடி வருஷக் கணக்கு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பயம் கணக்குப் பார்த்தா வருகிறது? சந்திரனில் ஆள் இறங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. படி இறங்கும்போது கால்கூட லேசாக இருந்தது. நேற்றைய விதி இன்று பொய்யென்றால் இத்தனை நாள் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தோம்?

பிள்ளையார்பாளையத்து வீட்டில் அண்ணன் கைலாசம் தறியில் இருந்தார். குண்டு தொங்கும் பட்டு நூலை மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மீட்டர் அளந்து முடிச்சுப்போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அந்த வீட்டில் மூத்தவர் அளந்ததை இளையவர் மறுபடி அளப்பதில்லை. அளந்தால் அவமரியாதை.

"குண்டை எறக்கவே இல்லியா?" என்றார் கைலாசம், தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு.

"இல்லண்ணா. அப்படியேதான் தொங்கிக்கினு இருக்குது."

"பட்டுடா அது, கம்பியா? மூணு வருஷம் பாரம் தொங்கினா நீளாதா? அளந்து பாத்தியா?"

"நீங்க அளந்ததாச்சே."

"நான் அளந்தது அன்னிக்கி இருந்த நூலைடா!"

விடிந்ததும் லேபுக்கு ஓடிப்போய் அளந்தார். நூற்றிரண்டு சென்டிமீட்டர். அதைப் போட்டுக் கணக்கிட்டதும் 980 வந்து நின்றது. உமாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண் பார்த்ததும் சரி. பரீட்சைக்கு ஆள் வருவதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்கேலும் கையுமாக வாசலில் நின்றார்.

தேவகி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சரி பண்ணிட்டேன் சார். தொள்ளாயிரத்து எண்பது."

"எப்படிம்மா? நேத்து அதுக்கப்புறம் ஊசல்கிட்டயே நீ வரலியே?"

"வீட்லயே வரவெச்சிட்டேன் சார். நீங்க சொன்ன மாதிரி."

நோட்டை வாங்கிப் புரட்டினார். 961 எழுதியிருந்த பக்கத்தை அவள் கிழித்துப் போட்டிருந்தாள்.