கத்தாத கழுதை

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி அண்டாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜான்சன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தார். என் மகள் திரிஷாவுக்கு மத்திய போலீஸ் படையில் வேலை கிடைத்து, ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. பொங்கல் கழிந்த வாரம் வடக்கே ராஜஸ்தான் பக்கம் பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். சர்ச்சில் பாஸ்டர் அவளை முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணினார். தெருவே வந்து கை கொடுத்துவிட்டுப் போனது. அதெல்லாம் ஜான்சனுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

"போறது சரிதாம்மா. உங்கம்மா வழி ரத்தமாச்சே, அந்தக் கொள்ளுத் தாத்தன் மாதிரி நடுவுல ஓடியாந்துடப் போற" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். திரிஷாவும் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாய் சாப்பிடவில்லை, தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கரண்டி சும்மா இருந்ததே பெரிய விஷயம். புருஷனின் அண்ணனை என்ன செய்ய முடியும்? நாக்கில் நரம்பில்லாத மனுஷன் என்று மனசுக்குள் வைதுவிட்டு, அவருக்கே இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அவர் சொன்னதை இட்டுக்கட்டினது என்றும் தள்ளிவிட முடியாது. என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் சாமுவேல். அது அவர் ஞானஸ்நானம் வாங்கியபோது மிஷன் கோயிலில் வைத்த பெயர். அதற்கு முன்னால் அவருக்கு என்ன பெயர், எந்த ஊர், எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்ட காலத்தில், ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு தென்னேரி ஏரிக்கரையில் வந்து நின்றாராம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வடக்கே எங்கிருந்தோ நடந்தே வந்திருந்தார். காலில் பட்டாளத்து பூட்ஸ், அதில் அடி தேய்ந்து விரல் வெளியே தெரிந்ததாம். கங்கையம்மாள் என்கிற பெண் கூழ் ஊற்றினாள். அவளையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். காக்கிச் சட்டை எது ஊருக்குள் வந்தாலும், தபால்காரராகவே இருந்தாலும், ஏரி மதகுக்குள் போய் ஒளிந்துகொள்வாராம். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் ஒளிந்தாராம். அதனால் ஊரில் எங்களுக்கு 'ஓடியாந்தவன் வூடு' என்றே பெயர் நின்றுவிட்டது.

அந்தக் கழுதை கத்தாது என்பார் என் அப்பா. அதன் முதுகில் உட்கார்ந்து வளர்ந்தவர் அவர். வாயைத் திறக்குமாம், வயிற்றை எக்குமாம், வெறும் காற்றுதான் வருமாம். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னதற்குப் பொய் சொல்கிறான் என்று அவருக்கு அடி விழுந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகள் நாங்களே நம்பினதில்லையே, வாத்தியார் எப்படி நம்புவார்?

கழுதை செத்துப் பல காலம் ஆகியும் ஒரு பழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு ஊரெல்லாம் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசும்போது, நாங்கள் எங்கேயாவது ஒரு கழுதையைத் தேடிப் பிடித்து, வேகவைத்த கொள்ளும் வெல்லமும் கொடுத்து, அதன் தொண்டையில் மஞ்சளை அரைத்துப் பூசுவோம். கழுதைக்குக் கொம்பு இல்லையே, அதனால் தொண்டையில் பூசுகிறோம் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். கல்யாணமாகி சின்ன காஞ்சிபுரம் வந்த பிறகும் நான் இதை விடவில்லை. கழுதைப் பால் விற்க வருகிற பெரியநாயகியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன். வேதக்கார வீட்டில் கழுதைக்குப் பூஜையா என்று ஜான்சன் வருஷா வருஷம் கேட்பார். நானும் வருஷா வருஷம் காதில் விழாதது மாதிரி இருந்துவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து திரிஷா காலையில் ஓடப் போகவில்லை. விடியும்போதே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிற பெண், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். உடம்பு சரியில்லையா என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பட்டுச் சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறவள், கடைக்காரர்கள் சேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். ஒருநாள் நான் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இழையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, தான் வேலைக்குப் போகவில்லை என்று சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் இரண்டு பக்கத்திலும் சர்க்கார் சம்பளத்தைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் இவள்தான். கத்தினேன், கெஞ்சினேன். அவள் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு பயமா இருக்குதும்மா" என்றாள். "செலக்‌ஷன்ல கூட இல்ல. ஆர்டர் வந்தப்புறந்தான். கொள்ளுத் தாத்தாவுக்கு வந்த பயந்தான் எனக்கும் வருதோன்னு தோணுது. அவரு இன்னாத்துக்கு ஓடியாந்தாருன்னு தெரிஞ்சாவணும். பயந்துக்கினு ஓடியாந்தவருன்னா, நான் போவல."

பயம் யாருக்குத்தான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது அவளுக்குப் போதவில்லை. பிடிவாதத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள், யாரைக் குறை சொல்ல?

சரி, தேடித்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம். அவள் செல்போனில் தேடினாள். ஆளுடைய அசல் பெயரே தெரியாமல் எதைத் தட்டித் தேடுவது? இரண்டு பேரும் பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போனோம். அங்கே ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரையை அடித்துவிட்டு ஓடிவந்தார் என்றார் ஒருத்தர். குண்டுச் சத்தம் கேட்டதுமே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்ததாக இன்னொருத்தர், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொன்னார். அவர் பட்டாளமும் இல்லை கிட்டாளமும் இல்லை, கழுதை திருடிக்கொண்டு வந்தவர் என்று ஒரு அம்மா வெற்றிலையை மென்றபடி சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாணிக்கவாசகம் என்பவருடைய மாட்டுத் தீவனக் கடைக்கு மூட்டை இறக்குவார். மாணிக்கவாசகம் பட்டாளத்தில் கால்நடை வைத்தியப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையரானவர். அவரைக் கேட்டுப் பாருங்கள் என்று இவர்தான் சொன்னார். பொங்கலுக்கு முந்தின வாரம் திரிஷாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் மனசில்லாமல் வந்து ஒரு தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தாத்தா ஓடிவந்த கதையைச் சொன்னேன். அவர் முகம் இறுகிப்போனது.

"எதுக்கா இருந்தாலும் ஓடினவன் ஓடினவன்தாம்மா. பட்டாளத்துல அதுக்கு மன்னிப்பு கிடையாது" என்றார்.

ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. திரிஷா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். வந்ததற்கு மாட்டுப் பொங்கலுக்காவது கொள்ளு வாங்கிக்கொண்டு போவோம் என்று ஒரு கிலோ போடச் சொன்னேன். எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். மாடு இல்லை, கழுதைக்கு என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று வீம்பாக எல்லாவற்றையும் சொன்னேன், கொள்ளு, வெல்லம், தொண்டையில் மஞ்சள் வரைக்கும். கொள்ளை அள்ளின கை அப்படியே நின்றது.

"தொண்டையிலயா? எந்த எடத்துல?"

அப்பா காட்டிக்கொடுத்த இடத்தை என் தொண்டையில் தொட்டுக் காட்டினேன். தாடைக்குக் கீழே, நட்ட நடுவில்.

"அந்தக் கழுதை கத்துமா?" என்றார்.

அது கத்தாது என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வாசலில் நின்ற திரிஷா திரும்பிப் பார்த்தாள்.

எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்டார். திண்டின் மேல் நின்றுதான் ஏற வேண்டும் என்பார் அப்பா, அதைச் சொன்னேன். அப்படியானால் அது கழுதையே இல்லை, பட்டாளத்துக் கோவேறு கழுதை என்றார். அந்தச் சண்டையில் பர்மா காட்டுக்குள் சாமான் சுமக்க அதுகளைத்தான் ஓட்டிப் போனார்களாம். காட்டுக்குள் ஒன்று கத்தினால் போதும், எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் போவதற்கு முன்பே தொண்டையைக் கீறி, குரல் நரம்பை வெட்டிவிடுவார்களாம். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறார். கீறின இடம் சிலதுக்கு ஆறாமல் சீழ் பிடித்துவிடுமாம். சீழ் பிடித்ததை வைத்துக்கொண்டு பட்டாளம் என்ன செய்யும், சுட்டுவிடுவார்கள் என்றார்.

மஞ்சள். எத்தனை வருஷம் என் கையால் அரைத்துப் பூசியிருக்கிறேன். அதைப் பூஜை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, பாஷை தெரியாத ஊரில் கையேந்தி வாங்கின மஞ்சளை அரைத்து, அந்த மனுஷன் அந்தப் புண்ணுக்கு அல்லவா பூசியிருக்கிறார். கடை என்றும் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

திரிஷா அழவில்லை. கிட்டே வந்து நின்றாள். "அப்போ அவரு பயந்து ஓடியாரலியா சார்?" என்று கேட்டாள்.

மாணிக்கவாசகம் கையிலிருந்த கொள்ளைத் தராசுத் தட்டில் கொட்டினார்.

"அது எனக்குத் தெரியாது பாப்பா. அவரு மனசுல இன்னா இருந்துச்சோ யாரு கண்டா? ஓடியாந்தது தப்புதான், அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா பயந்து ஓடுறவன் தனியாத்தான் ஓடுவான். குதிரை ஒசரத்துக்கு ஒரு சீக்காளி மிருகத்தைக் கையில புடிச்சிக்கினு எவனாவது ஓடுவானா? தூரத்துல வரும்போதே அது ஆளைக் காட்டிக் குடுத்துடும்."

கொள்ளுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். பிடிவாதமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் திரிஷா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கழுதை எப்போது செத்தது? என் அப்பாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்றேன். அவ்வளவு காலம் இருந்ததா என்றாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டுதான் இருந்தேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்குப் பழைய சீவரம் கிளம்பிப் போய்விட்டார். பின்னாலேயே பாதி ஊரும் போய்விட, தெரு வெறிச்சென்று கிடந்தது. அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திரிஷா மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்கும் அந்தப் பக்கமே வராதவள். மதில்மேல் அவளுடைய ஷூ, அடியில் ஈர மண் அப்பிக் கிடந்தது. நான் அப்படியே அடுப்படிக்கு வந்துவிட்டேன். அடுப்பில் கொள்ளு வேகிறதா என்று பார்க்கக் குனிந்தால், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

பெரியநாயகி கழுதையையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். சாப்பிட வந்திருந்த ஜான்சன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரிஷா கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா?

"இன்னாம்மா, ஓடியாந்த தாத்தனுக்குப் படையலா?"

"ஆமா பெரியப்பா. ஓடித்தான் வந்தாரு" என்றாள் அவள். "கூடவே ஒண்ணைக் காப்பாத்திக்கினு வந்தாரு."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் எங்கேயோ பார்த்தார்.

கழுதை கொள்ளை முழுவதும் தின்றுவிட்டு வெல்லத்துக்கு அவள் கையை மோந்தது. அவள் இடது கையால் அதன் தலையை அணைத்துக்கொண்டு, தாடைக்குக் கீழே நடுவில் மஞ்சளைத் தடவினாள். அதுவரை காலடியில் நின்ற குட்டி எதையோ பார்த்து மிரண்டு, தெருக்கோடிக்கு ஓடிவிட்டது. தாய் தலையைத் தூக்கிக் கத்த ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து இழுத்து இழுத்து, தெரு முழுவதும் அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். ஜான்சன் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தெருக்கோடியில் குட்டி நின்று, காதை நிமிர்த்தித் திரும்பியது.

திரிஷா மட்டும் கையை எடுக்கவில்லை. கழுதை கத்தி முடிக்கிற வரைக்கும், மஞ்சள் அப்பின அந்தத் தொண்டையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தபடியே நின்றாள்.