பதில் வணக்கம்

சுரேஷ்கண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் அவனிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அந்தக் கோபத்தை அடக்கத்தான் உத்தமபாளையத்துக்கு டேக்வாண்டோ பழகப் போனான். கூடப் போனவன் அப்துல் வாஹித், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட சிநேகிதன்.

மாஸ்டர் ஜெபராஜ் முதலில் சொல்லிக்கொடுத்தது உதை அல்ல, வணக்கம். மோதுவதற்கு முன்னும் பின்னும் எதிராளிக்குக் குனிய வேண்டும். "எதிர்ல நிக்கிறவன் ஒன்னைய நம்பித்தான் ஒடம்பைக் குடுக்குறான். அதுக்குத்தான் வணக்கம். பதில் வணக்கம் வராம ஆட்டம் முடியாது, நிக்கிற நிலையைக் கலைக்கக் கூடாது" என்பார். வாஹித் மட்டும் குனியமாட்டான். அல்லாவுக்கு மட்டும்தான் குனிவேன் என்று நெஞ்சில் கை வைத்து நிற்பான். மாஸ்டரும் அதுவே போதும் என்றுவிட்டார்.

போன ஞாயிறு, எல்லார் முன்னாலும் வாஹித்திடம் தோற்றான் சுரேஷ்கண்ணன். வாஹித் நெஞ்சில் கை வைத்ததும் இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குக் குனியாதவனுக்கு நான் எதுக்குடா குனியணும்?" என்று முதுகைக் காட்டிப் போய்விட்டான். கேடுகெட்ட வீம்பு. இத்தனை வருடம் தோன்றாத கேள்வி, தோற்ற அன்றைக்குத்தானா தோன்ற வேண்டும்?

வியாழக்கிழமை கம்பம் சாலையில் டிராக்டர் மோதி வாஹித் போய்விட்டான்.

பள்ளிவாசலில் ஓரமாக நின்றான் சுரேஷ்கண்ணன். வெள்ளை போர்த்திக் கிடத்திய வாஹித்தின் ஜனாஸாவின் முன் வரிசையாக நின்று தொழுதார்கள். அவர்கள் குனியும்போது தானும் குனிந்து, அன்று வைக்காத வணக்கத்தை வைத்துவிடலாம் என்று காத்திருந்தான். ஒருவரும் குனியவில்லை. தொழுகை முடிந்துவிட்டது.

"யாருமே குனியலையே மாமா?" என்று வாஹித்தைப் பெற்ற அத்தா அபுபக்கரிடம் கேட்டான்.

"மையித்துத் தொழுகையில குனியிறது கெடையாதுப்பா. நின்னுக்கிட்டேதான் தொழுவாக. ஏன் கேக்குற?"



அடக்கம் செய்யப் போகும் வழியில் ஜெபராஜ் அவன் தோளைத் தொட்டார். "நீ போனப்புறமும் வாஹித் கையை எறக்கலப்பா. நான் கதவைப் பூட்ட வர்ற வரைக்கும் அங்கனயே நின்னான். 'கோவக்காரப் பய, வந்துருவான் மாஸ்டர்'னு சிரிச்சான்."

மண் தள்ளி எல்லாரும் கலைந்தார்கள். சுரேஷ்கண்ணன் குனியப் போனான். பிறகு நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்தான்.

"வந்துட்டேன்டா மாப்ள" என்றான்.

பதில் வணக்கம் வராமல் கையை இறக்கக் கூடாது. அபுபக்கர் திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கும்வரை, அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.