ஒன்பது பெட்டிச் சீர்

சீர் லிஸ்டில் பிரிட்ஜ், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் மூன்றையும் சத்யபிரியா ஒரே இழுப்பில் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கேமிங் கம்ப்யூட்டர்’ என்று எழுதினாள். அம்மா சீனித்தாய் அதை இரண்டு தடவை வாசித்தாள். “ஏட்டி, கல்யாணம் உனக்கா, இல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கா?” என்று கேட்டாள்.

சத்யபிரியா அசரவில்லை. கயத்தாற்றில் மாப்பிள்ளை ஹரியின் வீட்டில் பிரிட்ஜ் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, பீரோ வைக்கச் சுவர் இல்லை என்பதையெல்லாம் போனிலேயே விசாரித்து வைத்திருந்தாள். மூன்றுக்குமாக ஒதுக்கிய எழுபத்தைந்தாயிரம் அப்படியே இருக்கட்டும், பொருள் மட்டும் மாறட்டும் என்றாள். தீப்பெட்டி ஆபீஸில் பில் போட்டு அவள் வாங்கிய சம்பளம் நான்கு வருஷமாக நகைச்சீட்டுக்குப் போய்விட்டது. விளையாட்டெல்லாம் கீறல் விழுந்த போனில்தான்.

“அங்க போன பொறவு எனக்குன்னு எழுவத்தஞ்சாயிரம் யாரும் எடுத்துத் தரமாட்டாவப்பா. இப்ப விட்டா விட்டதுதான்” என்றாள் அப்பாவிடம்.

சௌந்தரபாண்டியன் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர். மகளிடம் தோற்றுப்போவது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் சும்மா தோற்க மாட்டார். இரண்டு நிபந்தனை போட்டார். “ஒண்ணு, மண்டபத்துல பாக்கப் பெருசா இருக்கணும். ரெண்டு, வெளையாடுததுக்குன்னு மூச்சு விடக்கூடாது. ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லிரணும்.” சத்யபிரியா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை இருவரும் சபியுல்லாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் அப்பாவின் கண் ஒரு கேபினெட்டில் போய் நின்றது. பாகங்களை உள்ளே வைத்து மூடும் வெறும் பெட்டிதான் அது. ஆனால் இடுப்புயரம், மூன்று பக்கம் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. விலை பதினோராயிரம்.

“இதான்” என்றார்.

“அப்பா, அது வெறும் கூடு. உள்ள இருக்கதுக்குத்தான் துட்டு.”

“கூடுதானட்டி மண்டபத்துல தெரியும்?”

சத்யபிரியா தன் பட்டியலைச் சொன்னாள். ஒரு வருஷமாக வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடமான பட்டியல். பிராசஸர் ஆறு கோர் போதும். ராம் விலை ஏறிக்கிடப்பதால் இப்போதைக்குப் பதினாறு ஜிபி, பிறகு கூட்டிக்கொள்ள மதர்போர்டில் இடம் இருக்க வேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. “கயத்தாத்துல கரண்டு ஏறி எறங்கும்ணே. அது புட்டுக்கிட்டா எல்லாத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும்.” மிச்சத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. படத்தைத் திக்காமல் ஓட்டுவது அதுதான். கேபினெட்டுக்கு மூவாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

சபியுல்லா அவள் கேட்ட கிராபிக்ஸ் கார்டை எடுத்துக் கொடுத்தார். விலை இருபத்தேழாயிரம். அப்பா அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். “முக்கா கிலோ இருக்குமா? எங்கடையில இந்தத் துட்டுக்கு மூட்டை மூட்டையா வத்தல் அள்ளலாம்.”

துட்டு யார் பையில் இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாதா? சபியுல்லா மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார். “அண்ணாச்சி சொல்லுத கேபினெட்டயே எடுத்துக்கிடுவோம் தங்கச்சி. கார்டுல ரெண்டு படி எறங்கிருவோம். கேம் ஓடத்தான செய்யும்?”

“நொண்டும்ணே, ஓடாது” என்றாள்.

வாய் சொல்லிவிட்டது. ஆனால் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொண்டவள் அவள்தான். அந்தக் கார்டு வராவிட்டால் போனையே கட்டிக்கொண்டு அழலாம். சபியுல்லா கார்டைத் திரும்ப அதன் அட்டைப்பெட்டியில் வைத்தார். உள்ளங்கை அகலக் கார்டுக்குச் சேலைப்பெட்டி அளவு பெட்டி. சத்யபிரியா அதையே பார்த்தாள்.

“அண்ணே, நீங்க எதையும் மாட்டாதீங்க. எல்லாத்தையும் பெட்டி பெட்டியாவே குடுங்க.”

“பிட்டிங் ப்ரீதான், தங்கச்சி.”

“வேண்டாம். நானே மாட்டிக்கிடுதேன்.”

மானிட்டர், கேபினெட், போர்டு, பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கார்டு, கீபோர்டும் மவுசும் என்று எல்லாப் பெட்டியையும் கடைத் தரையில் பரப்பினாள். நடக்க வழியில்லாமல் போனது. அப்பா விரல் நீட்டி எண்ணினார். “ஒம்போது. ஒத்தப்படை!” அவர் முகத்தில் அப்போது எரிந்த பல்பு அந்த ஏழு நிறக் கேபினெட்டில்கூட இல்லை.

ஆவணியில் கயத்தாற்று மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை பெத்தம்மாள் நாலு பெண்களோடு சீர் பார்க்கக் கிளம்பினாள். எவர்சில்வர் குடங்களில் ‘ஹரி – சத்யபிரியா’ என்று பேர் வெட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தாள். பிறகு தனி மேஜைக்கு வந்தாள். ஒன்பது பெட்டியிலும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

“கம்ப்யூட்டரா? நல்லது. நம்ம ஹரி பேங்கு வேலைய வீட்லயும் பாப்பான். அவன் ரூம்புலயே வச்சிருவோம்” என்றாள் பெத்தம்மாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.

மேடையில் இருந்த சத்யபிரியாவுக்குப் பகீரென்றது. ஒரே வாக்கியத்தில் கம்ப்யூட்டர் கைமாறிவிட்டது. ஆபீஸ் வேலைக்கு என்று சொன்னால் அது ஹரியுடையது என்று உறுதியாகும். விளையாட என்று சொல்ல அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. சபியுல்லா கடையில் அத்தனை பேச்சுப் பேசியவள் கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள்.

சௌந்தரபாண்டியன் பந்தியைக் கவனிப்பதை விட்டுவிட்டு வந்தார். ஒரு பெட்டியின் பூச்சரத்தை ஒதுக்கினார். “மதினி, பேரப் பாருங்க.”

அவர் வத்தல் மூட்டையில் எழுதுகிற அதே தடித்த எழுத்தில், கறுப்பு மையில், ‘சத்யபிரியா’ என்று இருந்தது.

“மாப்பிள்ளை பேரு விட்டுப்போச்சே?”

“விடல மதினி. இது எம் மகளுது. அவ வெளையாடுததுக்கு வாங்குனது.”

“வெளையாடவா?”

“ஆமா, வெளையாடத்தான்” என்றார், முதல் தடவையைவிடச் சத்தமாக. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்யபிரியாவின் ஸ்கூட்டி தம்பி பேரில் இருந்தது. நகைச்சீட்டு அம்மா பேரில். அவள் பேர் மட்டும் தனியாக எழுதிய பொருள் பிறந்த வீட்டில் இதற்குமுன் ஒன்றுகூட இருந்ததில்லை. கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. பெரியவர்கள் தடுக்கத் தடுக்க மாலையோடு மேடையை விட்டு இறங்கிப் போய், ஒவ்வொரு பூச்சரமாக விலக்கி, ஒன்பது பெட்டியிலும் தன் பேரை வாசித்தாள்.