கண்ணாடியில் நூறு பிரேம்

ரப்பர் தன் கூடப் பிறந்த தங்கையையே நூறு பிரேமிலும் துளி மிச்சம் வைக்காமல் அழித்துவிட்டான். அழித்தது தங்கையை என்று தெரிந்ததோ பாட்டு வெளியான காலையில்.

பாட்டு வீடியோக்களில் தெரியும் பருவையும் வியர்வையையும் தொங்கும் கயிற்றையும் கம்ப்யூட்டரில் அழிப்பதுதான் அவன் பிழைப்பு. பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். இந்த முறை ரத்தக்காட்டேரிப் பாட்டு. பாடகிதான் காட்டேரி, தன்னைப் போலவே இருக்கும் வேலைக்காரியைத் தேடிப் பிடித்துக் கடிப்பாள். வேலைக்காரி வேஷம் ரப்பரின் தங்கைக்கு. அதனால் இருவருக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு, ஒரே கறுப்பு உதடு, ஒரே சவுரி. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் கண்ணாடி முன் நிற்பார்கள். காட்டேரிக்குப் பிம்பம் விழாதாம், அதனால் கண்ணாடியில் பாடகியை அழிக்க வேண்டும். ‘இடப்பக்கம் இருப்பவரை அழிக்கவும்’ என்று குறிப்பு வந்தது. கண்ணாடியில் இடம் வலமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, அன்றைக்குப் பார்த்தா அவனுக்கு ஞாபகம் வந்து தொலைய வேண்டும்? முதுகைக் காட்டி நிற்கும்போது இடப்பக்கத்து ஆளின் பிம்பமும் இடப்பக்கத்திலேயேதான் விழும் என்பது தோன்றவில்லை.

எவ்வளவு பூசினாலும் இந்தப் பாடகிக்குக் கண்ணில் களைப்பு போகவில்லையே என்று நக்கலாக நினைத்துக்கொண்டே வலப்பக்கத்து முகத்தை அழித்தான். மீதி இருந்த முகத்துக்கு, தங்கையாயிற்றே என்று கொஞ்சம் கூடுதல் பளபளப்பும் ஏற்றினான். இயக்குநர் அதைச் செல்போனில் பார்த்து, சரி என்றுவிட்டார்.

தங்கை பதினோரு வருஷமாகப் பின்வரிசையில் ஆடுகிறவள். யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அரைக் காது, கால் முகம்; திரையில் அவள் அவ்வளவுதான். முழங்கால் தேய்ந்துவிட்டது, இதோடு ஆட்டம் போதும் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த இந்த வேஷத்தில்தான் முதல் தடவையாக முழு முகம், அதுவும் நாலே செகண்டு, அந்த நூறு பிரேம். அதைப் பார்க்க அம்மா, மாமா, மாமி என்று வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

“எங்கடி நீ?” என்றாள் மாமி.

“போச்சு. கண்ணைச் சிமிட்டிட்டீங்களே மாமி” என்று சிரித்தாள் தங்கை.

ரப்பர் இயக்குநரிடம் ஓடினான்.

“சும்மா இருங்கண்ணே! வேலைக்காரிதான் நிஜக் காட்டேரின்னு ஜனங்க கொண்டாடுறாங்க. என்ன மூளைய்யான்னு என்னைப் பாராட்டுறாங்க. இப்பப் போய் மாத்தச் சொல்றீங்க?”

அப்புறம் ஒரு வாரம் அவன் தங்கையையே சுற்றிச் சுற்றி வந்தான். கோபமா என்று கேட்டால், “அதெல்லாம் இல்லண்ணா” என்பாள். அம்மாவைக் கேட்டால், “அவ மறந்துட்டாடா. நீ மொதல்ல போய்க் குளி” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தரையில் அவள் காலடியில் போய் உட்கார்ந்தான்.

“திட்டிடு. இடம் வலம் தெரியாத கழுதைன்னு நாலு வார்த்தை திட்டிடு. உள்ளே வச்சுக்காதே.”

அவள் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இடம் வலம் யாருக்கு வேணும்னாலும் மாறும்ணா. நூறு பிரேம். ஒவ்வொண்ணுலயும் என் மூஞ்சியைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்திருக்கே. ஒண்ணுலகூட உனக்கு என்னை அடையாளம் தெரியல.”