தைத்த வார், வார் அல்ல

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல, ஜெராக்ஸ் கடையில் மாறி வந்தது. நான் கொடுத்தது என் நாவலின் முதல் நாற்பது பக்கம். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் உள்ளே ‘பொழுதுபோக்கு டிராக் பந்தய வண்டிகளுக்கான பாதுகாப்பு, தொழில்நுட்ப விதிகள்’ இருந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துவைத்தேன். சும்மா ஒரு பக்கம் பார்ப்போமே என்று ஆரம்பித்து முழுக்கப் படித்து முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. என் நாவலை அந்தப் பக்கம் யாராவது படித்தார்களா என்று தெரியாது. படித்திருந்தால் கடைக்காரர் என்னைத் தேடி வந்திருப்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நானூறு மீட்டர் நேராக ஓடும். பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் கதை முடிந்துவிடும். வளைவே கிடையாது. திருப்பமே இல்லாத பந்தயத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கம் விதிகள் என்பதைப் பார்த்து, திருப்பத்துக்காகவே காலமெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்தப் பக்கங்களில் அன்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் யாரோ உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவனின் கழுத்தைப் பற்றி, முழங்கையைப் பற்றி, வரிவரியாகக் கவலைப்பட்டிருக்கிறார். பாட்டரி துளியும் ஆடக்கூடாது. காலை எடுத்தால் ஆக்ஸிலரேட்டர் மிதி தானாக மேலே வர வேண்டும், அதற்கு ஸ்பிரிங் இரண்டு, ஒன்று அறுந்தால் இன்னொன்று. இருக்கைக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கூட உருளக் கூடாது. இவ்வளவு பயம் பெற்றவளுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கதைக்கு ஒரு அம்மா கிடைத்தாள்.

அவளைக் கொடுத்தவை இரண்டு விதிகள். பதினான்கு: ‘தைத்துச் சரிசெய்த வார், வாராகக் கருதப்படாது.’ பதினைந்து: ‘நிராகரிக்கப்பட்ட வார், உரிமையாளர் முன்னிலையில் அங்கேயே வெட்டப்படும்.’

(வார் என்பது ஓட்டுபவரை இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பட்டை. புத்தகம் வார் என்கிறது, மனிதர்கள் பெல்ட் என்கிறார்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, ஓட்டை விழுந்த பட்டை இழுவை தாங்காது. அதனால்தான் அந்த விதி.)

2

தொடக்கங்கள், வரிசையாக:

‘ரப்பர் எரியும் வாசனையில் விடிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை…’ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாக் கதையிலும் எதன் வாசனையிலாவது விடிந்துகொண்டுதான் இருக்கின்றன.

‘விதி என்பது என்ன?’ என்று ஒரு தொடக்கம். விதிமுறைக்கும் தலைவிதிக்கும் தமிழில் ஒரே சொல் என்று எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

‘அவளுடைய இடுப்பில் ஒரு கத்தரி தொங்கியது.’

இது இருக்கட்டும்.

3

அவளுடைய இடுப்பில் ஒரு கத்தரி தொங்கியது. தார்ப்பாய் வெட்டும் பெரிய கத்தரி. வாரநாட்களில் அவளுக்கு லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே வண்டிகளைச் சோதிக்கும் வேலை. தையலைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஏழு வருடத்துக்கு முன்னால் கூட்டிவந்தார்கள். வந்த இடத்தில் பாட்டரி, ஸ்பிரிங், ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரர்கள் அவளைக் கத்தரியக்கா என்பார்கள். ஒருவன் மட்டும் அத்தை என்பான். கூட்டிவந்தவனே அவன்தான். அவள் மகளைக் கட்டியவன்.

கட்டியவன் என்று இறந்தகாலத்தில் எழுதுவதா, வேறு மாதிரி எழுதுவதா என்பதில் எனக்கே குழப்பம். ஒன்றரை வருடமாக அவனும் மகளும் தனித்தனியாக இருக்கிறார்கள். ஏன் என்று மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். ஒரு காரணமும் அவர்கள் அளவுக்கு இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒற்றை அறைக்குக் குடிபோனவனுக்குக் காரை நிறுத்த இடமில்லை. அதனால் கார் மட்டும் இன்னும் மகள் வீட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போவான், அழுக்கில்லாமல் துடைத்துக் கொண்டுவந்து விடுவான்.

அத்தைக்கு இதில் ஒரு சிக்கல். ஐந்தாறு வருடம் வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டவள், இனி என்ன என்று கூப்பிடுவாள்? முப்பத்தெட்டுப் பக்கத்தில் அதற்கு விதி இல்லை. தம்பி என்றால் பொய், சார் என்றால் சிரிப்பு. கடைசியில் வண்டி எண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

“நாப்பத்தேழு, முன்னாடி வாங்க.”

அன்று பருவத்தின் கடைசிப் பந்தயம். அடுத்த வாரம் அவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறான். பன்னிரண்டு விநாடிக்குக் கீழே ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. போன மாதம் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு, அதற்கே வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. அன்று முழுக்க அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

“சாப்டீங்களா?” என்றாள், பாட்டரியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே.

“ஆச்சு அத்தை.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே.”

“இது அந்த ஃபார்ம்ல இருக்கா?”

“நான் சேத்துக்குவேன்.”

அவன் சிரித்தான். அவள் மிதியை அழுத்தி விட்டாள், மேலே வந்தது. ஹெல்மெட்டின் தேதியைப் பார்த்தாள். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். வார்களை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் உருவினாள். சரி, சரி, சரி. கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாள். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள், தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்.

“மெதுவா…” என்று ஆரம்பித்து, பந்தயத்துக்குப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது என்று நிறுத்திக்கொண்டாள்.

4

அதற்கப்புறம் மூன்று வண்டிகள். மூன்றாவதன் வாரை உருவும்போது அத்தையின் விரல் நின்றது. இந்த வாரில் குறை ஒன்றுமில்லை. தொழிற்சாலைத் தையல், முடியும் இடத்தில் நேராக முடிந்திருந்தது. எல்லாத் தொழிற்சாலைத் தையலும் அப்படித்தான் முடியும்.

நாற்பத்தேழின் வாரில் ஒரு தையல் அப்படி முடியவில்லை.

மூன்று ஊசிக்குத்து பின்னால் வந்து, ஒரு குத்து இடதுபக்கம் மடங்கி முடிந்தது. தார்ப்பாய் நூல். கருப்புப் பட்டையில் கரும்பச்சை. உலகத்தில் இப்படி முடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அத்தை. இன்னொருத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து அத்தையின் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்.

(இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: கைதேர்ந்தவள் எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? நானும் கேட்டுக்கொண்டேன். வேறு எந்தத் தையலாக இருந்தாலும் பிடித்திருப்பாள். இது முப்பது வருடமாகத் தினமும் பார்க்கும் தையல். தன் வீட்டு வாசற்கதவைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். அதாவது, பார்க்கவில்லை.)

தூரத்தில் ஒலிபெருக்கி நாற்பத்தேழை வரிசைக்குக் கூப்பிட்டது. அத்தை ஓடினாள். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, இடுப்பில் கத்தரி. அவள் இப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சிலர் சிரித்தார்கள். முகத்தைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள்.

5

இங்கே கதையை நிறுத்துவதற்கு மன்னியுங்கள். மகள்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் பிரதியில் மகள் அந்தத் தையலைத் தோள்பட்டைக்கு நேராக, இழுவை முழுதும் விழுகிற இடத்தில் போட்டிருந்தாள். பட்டை கிழியவே இல்லை. கிழியாத பட்டையில் எதற்குத் தையல்? அம்மா பார்ப்பாள், விதிப்படி வெட்டுவாள், அவன் ஓட மாட்டான். ‘போகாதே’ என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்ட ஒருத்தி, அம்மாவின் கத்தரியைக்கொண்டு அதைச் சொல்கிறாள். அழகாக இருக்கிறது என்று திருப்தியாகப் படுக்கப் போனேன்.

காலையில் பல் துலக்கும்போது உறைத்தது. அம்மா கவனிக்காமல் விட்டுவிட்டால்? ஓட்டை விழுந்த பெல்ட்டோடு அவன் போயிருப்பானே! அப்படிச் செய்கிறவள் எப்படி அவன்மேல் பிரியம் வைத்தவளாக இருப்பாள்? வாயில் நுரையோடு வந்து திருத்தினேன்.

திருத்திய பிறகு தையல் பட்டையின் வாலில் இருக்கிறது. பெல்ட்டை இறுக்கிக் கட்டியபின் கொக்கிக்கு வெளியே மிச்சமாகத் தொங்குமே ஒரு சாண், அதன் நுனியில். அங்கே இழுவையே வராது. நூறு ஓட்டை போட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

ஆக, மகள் இரண்டையும் யோசித்திருக்கிறாள். அம்மா பார்த்துவிடுவாள். பார்க்காமல் போனாலும் அவன் பத்திரம். இதை எழுதியபின் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

6

அத்தை காருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். என்ஜின் அணைந்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“என்னாச்சு அத்தை?”

“பெல்ட்டக் கழட்டுங்க.”

“ஏன்?”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க.”

மூச்சு வாங்கியது. கதவுக்குள் கையை விட்டு வாலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூன்று பின்னால், ஒன்று இடப்பக்கம். நகத்தால் நெருடிப் பார்த்தாள். கீழே கிழிசல் இல்லை. தையல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தாள். எதற்கு அங்கே போட்டிருக்கிறாள் என்பது புரிய ஒரு நொடி ஆனது.

“இது எப்ப வந்துச்சு?”

“ராத்திரி போட்டிருப்பா போல. காலைல எடுக்கும்போது பாத்தேன்.”

“பாத்துமா கட்டிக்கிட்டு வந்தீங்க?”

“நீங்க பாத்ததும் வெட்டிருவீங்கன்னு நெனச்சேன் அத்தை. வெட்டினா பேசாம வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன். அவகிட்டப் போய்ப் பேச ஒரு காரணம் கெடச்ச மாதிரி இருக்கும்ல. ஆனா நீங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்க.” அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சரி, நீங்களும் அவளும் சேந்து போயிட்டு வான்னுதான் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன்.”

“நான் பாக்கல.”

ஏழு வருடத்தில் அவள் சொல்லாத வாக்கியம் அது.

“நீங்களா பாக்கல?”

“வீட்டுத் தையலில்லயா… கண்ணு தாண்டிப் போயிருச்சு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“வால்லதான அத்தை இருக்கு. ஒண்ணும் ஆகியிருக்காது.”

“அது எனக்கும் தெரியுது. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு.”

புறப்பாட்டுக் கோட்டில் நிற்கும் ஆள் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். “அக்கா, வண்டி ஓடுதா, இல்லயா? பின்னாடி பதினோரு வண்டி நிக்குது.”

7

இப்போது முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில், அத்தை கத்தரியைத் தொடவில்லை. பெல்ட் உண்மையிலேயே பலமாகத்தான் இருக்கிறது. அவன் ஓடுகிறான். பன்னிரண்டுக்குக் கீழே வருகிறான். எல்லாரும் கை தட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வாலில் இருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கு விட்டால், நாளைக்குத் தோளில் தைத்துக்கொண்டு வருகிறவனிடம் என்ன சொல்வாள்?

இரண்டாவது முடிவில், அவள் வெட்டுகிறாள். பெல்ட் இரண்டு துண்டு. அவன் வீட்டுக்குப் போகிறான். அடுத்த வாரம் ஊரை விட்டும் போகிறான். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த மகள் ஒன்றரை வருடத்தில் அவனுக்கு எழுதியது அந்த ஒரே வரிதான். அதை அம்மாவே வெட்ட வேண்டுமா?

(தையலை மட்டும் விட்டு வேறு இடத்தில் வெட்டலாமே என்று சொல்லப்போகிறீர்கள். அத்தைக்கும் தோன்றியது. அப்புறம் அந்தத் துண்டு யாருக்கு? அவனுக்கும் வேண்டும், அத்தைக்கும் வேண்டும். வேறு பெல்ட் இரவல் வாங்கி ஓடலாமே என்பவர்களுக்கு: கூடாது. வார் அந்த வண்டியின் பேரில் பதிவாகியிருக்க வேண்டும், விதி பதின்மூன்று.)

அத்தை இடது கையில் பெல்ட்டைப் பிடித்தாள். வலது கையால் கத்தரியை இடுப்பிலிருந்து எடுத்தாள். உரிமையாளர் முன்னிலையில், அங்கேயே. அவன் தலையசைத்தான். கத்தரி வாயைத் திறந்தது.

அப்போது அவள் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. கத்தரியைப் பிடித்த கையாலேயே, இரண்டு விரலிடுக்கில் போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் ‘பாப்பா’ என்று இருந்தது. மணி பதினொன்று. சோதனை முடிகிற நேரம் என்று மகளுக்குத் தெரியும். அவனும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டான்.

பெல்ட், கத்தரி, போன். மூன்று பொருள், இரண்டே கை. நான் எவ்வளவு யோசித்தும் மூன்றாவது கையை எழுத முடியவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை வலது கையில் இருந்த இரண்டில் ஒன்றை அவன் பக்கம் நீட்டினாள்.

“இதக் கொஞ்சம் பிடிங்க, மாப்பிள்ளை” என்றாள்.

நீட்டியது கத்தரி என்றால், தன் பெல்ட்டை அவனே வெட்டிக்கொள்ளப் போகிறான், அவள் மகளோடு பேசிக்கொண்டிருப்பாள். போன் என்றால், அவள் வெட்டுவாள், பேசப் போவது அவன். எது என்று நான் எழுதவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து வரவழைத்ததோடு என் வேலை முடிந்தது. அவன் கையை நீட்டிவிட்டான். வாங்கிக்கொள்ள வேண்டியதை நீங்களே அதில் வையுங்கள்.