நாற்பத்தேழாம் எண்ணின் உயரம்

போன வருடம் 156.4 சென்டிமீட்டர். இன்று 149.8.

நிலக்ஷி உயரக் கோலின் பலகையை மேலே தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணை மறுபடி நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். குதிகால் சுவரைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பலகையை இறக்கினாள்.

149.8.

டேப்லெட்டில் சிவப்புக் கோடு விழுந்தது. 'எண் 047. வினோதா. வயது 34. முந்தைய அளவோடு பொருந்தவில்லை.'

"என்னக்கா, ஒரே வருஷத்துல ஆறரை சென்டிமீட்டர் சுருங்கிட்டீங்க?"

"மலை ஏறி எறங்குனா தேயாதா மிஸ்?" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த ஒரு தோட்டம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஆய்வு நடந்தது. கொழுந்து பறிக்கும் இருநூறு பெண்களின் இரத்த அழுத்தம், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. வருடத்துக்கு ஒரு தடவையாக மூன்று வருடம். இது இரண்டாவது சுற்று. போன வருடம் அளந்தது வேறொருத்தி. நிலக்ஷிக்கு இந்த முகங்கள் புதிது.

பக்கத்திலிருந்த தராசில் இன்னொரு தொழிலாளி, லெட்சுமி, வெறுங்காலோடு ஏறினாள். உதவிக்கு நின்ற வேன் டிரைவர் பைஸர் திரையைப் பார்த்து வாசித்தான். "தண்ணி அம்பத்தொரு சதவீதம்."

"கேட்டீங்களாடி! கொழுந்து நிறுக்கயில தண்ணின்னு கழிக்கிற மாதிரி என்னையும் பாதி கழிச்சிராதீங்க தம்பி."

அறையே சிரித்தது. 047 மட்டும் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நிமிட ஓய்வு. கைப்பட்டி இறுகித் தளர்ந்தது. 214/126. ஒரு நிமிடம் விட்டு, 211/124. மூன்றாவது, 216/128.

"தலை வலிக்குதா?"

"மூணு நாளா. பனடோல் போட்டேன். கண்ணுக்கு முன்னால பனி மூடுன மாதிரி இருக்கு."

180க்கு மேல் போனால், அதோடு தலைவலியும் இருந்தால், அன்றே ஆஸ்பத்திரி. அது ஆய்வின் விதி. ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தின் நகல் தோட்ட ஆபீசுக்குப் போகும். ஆபீஸ் லொறி தரும். நிலக்ஷி லொறி கேட்டு பைஸரை அனுப்பினாள். மற்றப் பெண்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க வினோதா இல்ல."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அக்கா, மூளையில ரத்தக் குழாய் வெடிக்கிற அளவுக்கு ஏறியிருக்கு. நீங்க யாருன்னு தெரியாம நான் எப்படி அனுப்புறது?"

"வினோதா என் தங்கச்சி மிஸ். நான் அழகம்மா."

வினோதா ஏழு மாதத்துக்கு முன் வீட்டு வேலைக்கு ஜோர்தான் போனவள். தோட்டப் பதிவில் இருப்பது அவள் பெயர். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் காம்பராவில்தான் வினோதாவின் இரண்டு பிள்ளைகளும் அழகம்மாவும் இருந்தார்கள். அழகம்மா பெயரைப் பதியக் கேட்டதற்கு, புதுப் பதிவு இல்லை என்றுவிட்டது ஆபீஸ். அன்றிலிருந்து அக்காதான் தங்கை.

"கணக்கப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"மலைக்கே தெரியும். தொரைக்கு மட்டுந்தான் தெரியாது."

கதவு தட்டப்பட்டது. தினமும் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணிப் பெயர் போடும் கணக்கப்பிள்ளை ஜீவராஜ். மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"லொறி கேட்டீங்களாம். பேர் என்னன்னு எழுதப் போறீங்க?"

"அழகம்மா."

"மிஸ், ஒங்களுக்குப் புண்ணியமா போகட்டும். வினோதான்னு எழுதுங்க, லொறி பறந்து வரும். அழகம்மான்னு ஒரு ஆளே இந்தத் தோட்டத்துல இல்ல. இவங்களுக்குக் காம்பரா போயிரும், எனக்கு வேலை போயிரும்."

"ஆமா மிஸ்," என்றாள் அழகம்மா. "வினோதான்னே போட்ருங்க. மருந்துக்குப் பேரா முக்கியம்?"

நிலக்ஷி டேப்லெட்டில் கடிதத்தைத் திறந்தாள். 047இன் போன வருடப் பதில்கள் தாமாகவே வந்து நிரம்பின. நீரிழிவு: இல்லை. இளைப்பு நோய்: இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அழகம்மாவின் நெஞ்சிலிருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும், மெல்லிய விசில்.

"இளைப்பு இருக்கா?"

"சின்னதுல இருந்தே. ஒரு தடவ பிரஷருக்குக் குடுத்த மாத்திரையில மூச்சே நின்னு, ஆக்ஸிஜன் வச்சாங்க. கிளினிக் கொப்பியில செவப்புல எழுதிருக்கு."

"கொப்பி யார் பேர்ல?"

"எம் பேர்லதான்."

"அதே மாத்திரைய வினோதாவுக்குக் குடுக்க யாரும் தயங்க மாட்டாங்க அக்கா."

"நான் சொல்லிக்கிறேன்."

"வழியில மயங்கி விழுந்தா?"

அழகம்மா ஜீவராஜைப் பார்த்தாள். ஜீவராஜ் தொட்டிலைப் பார்த்தான்.

நிலக்ஷி டேப்லெட்டை மூடினாள். வெள்ளைத் தாளில் கையால் எழுதினாள். அழகம்மா, வயது 41. இளைப்பு நோய் உண்டு. மூன்று அளவுகள், நேரம், கையெழுத்து. ஆய்வு எண் இல்லை. தோட்டத்துப் பெயரும் இல்லை. தோட்டத்துத் தொழிலாளி அல்லாதவருக்கு ஆபீஸ் நகல் தேவையில்லை, லொறியும் கிடைக்காது.

பைஸர் வேன் கதவைத் திறந்தான். "மிஸ், வெளியாள ஏத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"தெரியும்."

"சும்மா ஞாபகப்படுத்தினேன். ஏறுங்க அக்கா. வளைவுல கம்பிய புடிச்சுக்குங்க."

லெட்சுமி லயத்துக்கு ஓடிப்போய்க் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியே கொடுத்தாள். வேன் இறங்கியது. முப்பத்தைந்து நிமிடம். அழகம்மா ஒரு தடவை வாந்தி எடுத்தாள். நிலக்ஷி அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்பவர் சிங்களத்தில் பெயர் கேட்டார். ஏழு மாதமாக அந்தக் கேள்விக்கு அழகம்மா சொல்லிவந்த பதில் வேறு. நிலக்ஷி குறுக்கிடவில்லை.

"அழகம்மா."

டாக்டர் கொப்பியைப் புரட்டினார். சிவப்பு மையில் ஒரு கணம் நின்றார். எழுதத் தொடங்கிய மருந்தை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். பின்னேரம் மூன்று மணிக்கு 184/108. நான்கு மணிக்கு 172/102. இரண்டு நாள் வார்டில் இருக்க வேண்டும் என்றார்கள்.

ஜீவராஜ் போனில் கூப்பிட்டான்.

"மிஸ், வினோதாவுக்கு அம்மைன்னு எழுதிட்டேன். லயத்துப் பக்கம் ஆபீஸ்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். பத்து நாளைக்கு."

நிலக்ஷி சொன்னதைக் கேட்டு அழகம்மா கண்ணைத் திறந்தாள். "அடப் பாவி மனுசா! பத்து நாளு புள்ளைங்கள ஸ்கூலுக்கும் விட மாட்டாங்களே."

டேப்லெட்டில் 047 இன்னும் சிவப்பாகவே இருந்தது. மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். 'இறந்தார்.' 'ஊரை விட்டுச் சென்றார்.' 'கண்டுபிடிக்க முடியவில்லை.' இந்த மூன்றின் பட்டியலும் தோட்ட ஆபீசுக்குப் போகும். நான்காவது, 'சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்'. அது எங்கும் போகாது. விலகியவரிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அதுவும் விதி.

ஆனால், விலக வேண்டியவள் விலக வேண்டும். அழகம்மாவின் போனில் ஜோர்தானுக்கு வாட்ஸ்அப் அழைப்பு போனது. நிலக்ஷி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"நான் விலகணும்னா என்ன செய்யணும் மிஸ்?"

"விலகுறேன்னு சொன்னா போதும்."

"அக்கா எப்படி இருக்கா?"

"தூங்குறாங்க. பிரஷர் எறங்கிட்டு வருது."

அந்தப் பக்கம் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். "விலகுறேன் மிஸ்," என்றாள் வினோதா அவசரமாக. இணைப்பு அறுந்தது.

நிலக்ஷி நான்காவதை அழுத்தினாள். 047இன் இன்றைய உயரமும் மூன்று அளவுகளும் அழிந்தன. ஆய்வில் இருநூறு பேர் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனார்கள்.