சிவக்காத பச்சை

காளை சுவரில் முட்டியது. முட்டிய பிறகும் விலகவில்லை. நெற்றியை மண்சுவரில் அழுத்தி, நான்கு கால்களையும் ஊன்றி, வீட்டையே ஊருக்கு வெளியே தள்ளப்போவது போல நின்றது. வாயில் நுரை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"கண்ணு தெரியறதில்லீங்க," என்றார் ஆறுச்சாமி. "காங்கயத்துக் காளைங்க. வண்டியில பூட்டுனா பொள்ளாச்சி ரோடே வழி வுடும். இதோட சோடி போன வாரந்தான் செத்துது. ஒரு ஊசி போட்டு வுடுங்க டாக்டரு."

டாக்டர் சுருளிவேல் நெளிந்தான். "நான் மாட்டு டாக்டர் இல்ல அண்ணாச்சி. கல்லு, மண்ணு, தண்ணியில என்ன கலந்திருக்குன்னு பாக்குறவன்."

"கல்லுக்கு டாக்டரா?" ஆறுச்சாமி மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா மருதாத்தா, மாட்டுக்குச் சீக்குன்னு புகாரு குடுத்தா கல்லுக்கு வைத்தியம் பாக்கறவரு வந்திருக்காரு. அதுலயும் நான் அண்ணாச்சியாமா! மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?"

"வந்த மனுசன்கிட்ட என்ன பேச்சு?" என்று அதட்டினாள் மருதாத்தாள். "நீங்க உக்காருங்க தம்பி."

சுருளிவேல் உட்காரவில்லை. அவன் தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். உதவித்தொகைகளைப் பிடித்துக்கொண்டே ஏறி டாக்டர் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்யத் திருவனந்தபுரத்தில் இடம் பிடித்தவன். சுரங்கக் கழிவு எந்த வழியாகப் போய் எங்கே தங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கேரள எல்லைக்குள், வேலந்தாவளத்துக்குத் தெற்கே, இந்தக் கருங்கரட்டுக் குன்றில் ஒரு தனியார் கம்பெனி ஈயக்கல் வெட்டிக்கொண்டிருந்தது. கல்லைப் பொடித்துக் கழுவிய சாம்பல்நிறத் தண்ணீர் ஓடையில் இறங்கி ஊர்க் குட்டையில் விழுந்தது. கிணறுகள் வற்றிப்போன இந்த வருஷம் மாடும் மனிதரும் நம்பியிருந்தது அந்தக் குட்டையைத்தான்.

சுரங்கத்தின் குத்தகை முடியப்போகிறது. இன்னும் இருபது வருஷத்துக்கு நீட்டலாமா என்று அடுத்த வாரம் தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிக்கப்போகிறார். ஆறுச்சாமியின் புகாரோடு சுருளிவேலின் அறிக்கையும் அவர் கைக்குப் போகவேண்டும். குட்டைத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று சுருளிவேலின் அறிக்கை சொன்னால் கழுவும் பட்டறைக்குப் பூட்டு. சொல்லாவிட்டால் ஆறுச்சாமியின் தொழுவத்தில் மிச்சமிருக்கும் இரண்டு கறவை மாடுகளும் சுவர் தேடிப் போகும். அப்புறம் மனிதர்கள்.

அறிகுறி ஒவ்வொன்றும் ஈயம் ஈயம் என்றுதான் அடித்துச் சொன்னது. வேண்டியது ஒரு குப்பித் தண்ணீர்.

குட்டைக் கரையில் கம்பெனி ஆட்கள் நின்றார்கள். கையில் தடி. சுருளிவேல் பையோடு இறங்கப் பார்த்ததும் ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"போட்டோ, குப்பி, ஒண்ணும் இங்க ஆவாது. வந்த வழியே போயிரு."

தோற்றுத் திரும்பியவனைப் பார்த்து மருதாத்தாள் சிரித்தாள். "அடப் போங்க தம்பி! நான் தினமும் குடத்தோட போறவ. என்னைய எவன் தடுப்பான்? குப்பியைக் குடுத்துட்டு நாளைக்குக் காத்தால வாங்க."

அடுத்தவர் கையில் குப்பியைக் கொடுக்கக் கூடாது என்பது பால பாடம். சுருளிவேலுக்கு அது தெரியாதா? ஆனால் காலரில் அந்தத் தடியன் பிடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது. கொடுத்துவிட்டான்.

மறுநாள் வாங்கியபோது தண்ணீர் பளிச்சென்று இருந்தது. கரையோரம் அசையாமல் கிடந்த தண்ணீர், தானே தெளிந்திருக்கும் என்று நினைத்தான். தேவிகுளத்தில் ஓடைத் தண்ணீர் எப்போதும் கண்ணாடிதான். தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சந்தேகப்பட அவனுக்குப் பழக்கமில்லை.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நண்பன் இடம் கொடுத்தான். பச்சைக் கரைசல் ஒன்று உண்டு. ஈயம் பட்டால் போதும், செக்கச்செவேலென்று மாறிவிடும். சுருளிவேல் ஊற்றினான், குலுக்கினான், காத்திருந்தான்.

பச்சை.

மறுபடி செய்தான். கரைசல் கெட்டுவிட்டதோ என்று கடையில் வாங்கிய ஈய உப்பைக் கரைத்துச் சோதித்தான். உடனே சிவந்தது. குட்டைத் தண்ணீர் மட்டும் பிடிவாதமாகப் பச்சையாகவே நின்றது.

பொய் எழுதலாம். கை வரவில்லை. 'அளவிடத்தக்க ஈயம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாசில்தாருக்கு அனுப்பினான். விசாரணையில் வாயால் மன்றாடலாம், மறு பரிசோதனை கேட்கலாம் என்பதுதான் அவனுக்கு மிஞ்சிய நம்பிக்கை.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தாசில்தார் சித்தூர்க்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். அவருக்கு எதிரே கம்பெனி வக்கீல் செபாஸ்டின், வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் சுருளிவேல், இந்த ரிப்போர்ட் உங்களோடது தன்னே அல்லே?"

"ஆமா சார். ஆனா மாட்டுக்கு இருக்குற அறிகுறி அத்தனையும் ஈயந்தான். ரத்தம் எடுத்துப் பாத்தா..."

செபாஸ்டின் சிரித்தபடி எழுந்தார். "சாரே, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறாங்களே, அதுல என்ன இருக்கு? ஈயம். ஒரு மாடு இன்னொரு மாட்டை நக்காதோ? ரத்தத்துல ஈயம் இருந்தா அது என் கட்சிக்காரரோட ஈயம்னு அதுல பேரு எழுதியிருக்குமோ?"

பின்வரிசையில் கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். தாசில்தார் மேஜையைத் தட்டினார்.

"தண்ணி யாரு எடுத்தது?"

"நாந்தானுங்க." மருதாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சுத்தமாத்தான் குடுத்தேனுங்க."

"சுத்தமான்னா?"

"பின்னெ, அந்தச் சேத்துத் தண்ணியையா குடுக்கறது? நம்மூட்டுத் தண்ணி திருவனந்தபுரம் வரைக்கும் போவுது, பெரிய மனுசங்க பாப்பாங்க. பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை ஒரச்சு, ராத்திரி பூரா தெளிய வெச்சு, மேலாப்புல மோந்து ஊத்துனேனுங்க. நாங்க குடிக்கறதும் அப்படித்தானுங்க."

அப்போதுதான் சுருளிவேலுக்குப் புரிந்தது.

ஈயம் தண்ணீரில் கரைந்து திரியவில்லை. மாவு போன்ற சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டுதான் திரிந்தது. தேத்தாங்கொட்டைப் பசை அந்தச் சேற்றை வாரி அணைத்துக்கொண்டு பானையின் அடியில் போய்ப் படுத்துவிட்டது. அடிச் சேற்றை அவள் வாசலில் கொட்டியிருப்பாள். மேலே நின்ற தெளிவைக் குப்பியில் அடைத்து, அதன்மேல் அவனே முத்திரை வைத்திருக்கிறான். வெறுங் குட்டையில் வாய் வைத்த மாடு மட்டும் அத்தனையையும் குடித்தது.

"சார்!" அவன் ஏறக்குறையக் கத்தினான். "அந்தத் தண்ணி செல்லாது! இன்னைக்கே, உங்க முன்னாடியே, குட்டையில நானே எடுக்கேன். அடியில கெடக்குற மண்ணையும் எடுக்கேன்!"

"எடுக்கட்டுமே," என்றார் செபாஸ்டின் இனிப்பாக. "ஊர் நன்மைக்காக என் கட்சிக்காரர் குட்டையை முந்தாநாள் தூர்வாரித் தந்தாச்சு. அடிமண் முழுக்க லாரியில போய்ப் பழைய சுரங்கக் குழியை மூடியாச்சு. டேங்கர் தண்ணி விட்டு நிரப்பியாச்சு, விசாரணை முடியிற வரைக்கும் பட்டறையையும் நிறுத்தியாச்சு. வந்து பாருங்கோ, முகம் தெரியும்." குரல் சட்டென்று இறுகியது. "அது போகட்டும். புகார் குடுத்தவரோட சம்சாரமே குப்பியை நிறைச்சது, இப்பத்தானே எல்லாரும் கேட்டோம்? ரிசல்ட் அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி வந்திருந்தா இந்த டாக்டர் செல்லாதுன்னு சொல்லுவாரோ?"

சுருளிவேல் மேஜைமேல் கிடந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

தாசில்தார் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். "என் வீட்டிலயும் பசு உண்டு," என்றார் தணிந்த குரலில். "எனிக்கு மனசிலாகாம இல்ல. பட்சே என் கையில இருக்கிற ஒரே தெளிவு, ஒரே சாட்சியம், நீங்க கையெழுத்துப் போட்ட இந்தக் காகிதம். அதுக்கு எதிரா நான் எப்படி எழுதும்?"

எழுதினார். இருபது வருஷம்.

பள்ளிக்கூடம் காலியானது. கம்பெனி ஜீப் புழுதி கிளப்பிப் போன பிறகும் ஆறுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்.

"ஏனுங்க, பட்டறை மறுபடியும் ஓடுமுங்களா?"

"ஓடும்."

"அப்ப குட்டை?"

"ரெண்டு மூணு மாசத்துல பழையபடி ஆயிரும். மாட்டைக் குட்டையில விடாதீங்க அண்ணாச்சி."

"எங்க வுடறது?"

சுருளிவேல் சன்னல் வழியே பார்த்தான். கரடு வரைக்கும் வெயில். ஒரு கிணற்றுத் துலா கூட அசையவில்லை.

மருதாத்தாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். யாரும் அவளிடம் விளக்கிச் சொல்லவில்லை. ஆனாலும் வரும் வழியில் என்னவோ புரிந்திருந்தது.

"தம்பி, நான் ஏதோ தப்புப் பண்ணிப்போட்டேனுங்களா?"

"இல்லக்கா."

"இல்லீன்னா நீங்க ஏனுங்க என் மூஞ்சியவே பாக்க மாட்டீங்கறீங்க?"

அவன் பார்த்தான். அவள் கையில் ஒரு சொம்பு இருந்தது. வெயிலில் பேசிப் பேசித் தொண்டை காய்ந்தவனுக்கு, விளிம்புவரை நிரம்பிய தண்ணீர். தூர்வாருவதற்கு முன்னால் பிடித்து வைத்ததா, பின்னால் பிடித்ததா, தெளிய வைத்ததா, வைக்காததா? அவள் நீட்டியபோது சொம்பிலிருந்து சில துளிகள் பள்ளிக்கூடத் தரையில் விழுந்தன.

சுருளிவேல் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தான்.